சுவிசேஷங்களை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தூரம் நம்பலாம்?

#1 வைகைக்கரை

நான் கிறிஸ்தவன் இல்லை. படித்தது மிஷன் பள்ளியில் என்பதால் கதை முழுக்கத் தெரியும், வரலாறு தெரியாது. இணையத்தில் தேடினால் இரண்டே கூட்டம்தான் கண்ணில் படுகிறது. ஒரு கூட்டம், "நான்கு சுவிசேஷங்களும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) கண்ணால் கண்டவர்கள் எழுதியவை, ஒரு எழுத்துகூடப் பிசகாது" என்கிறது. இன்னொரு கூட்டம், "இயேசு என்று ஒருவர் பிறக்கவே இல்லை, எல்லாம் பிற்காலத்தில் கட்டிய கதை" என்கிறது.

இதையே தொழிலாக ஆராய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? எந்த நூல் எப்போது எழுதப்பட்டது? எதை நம்பலாம், எதை நம்ப முடியாது? யாருடைய விசுவாசத்தையும் நான் கேள்வி கேட்கவில்லை. பழங்காலத்து மனிதர் எவரைப் பற்றியும் கேட்பது போலத்தான் கேட்கிறேன்.

#2 கறுப்புச்சட்டை76

சுருக்கமாகச் சொல்கிறேன். இயேசு வாழ்ந்த காலத்தில் அவரைப் பற்றி எவரும் எழுதிய ஒரு வரி நம்மிடம் இல்லை. அலெக்சாந்திரியாவில் இருந்த பிலோ அதே காலத்து யூத அறிஞர். இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர் பிலாத்துவைத் திட்டியே எழுதியிருக்கிறார், இயேசு பற்றி மூச்சுவிடவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதினார் என்று காட்டுவார்கள், அதில் பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்கள். முதலில் எழுதிய பவுலோ இயேசுவை நேரில் பார்த்ததே இல்லை. கன்னிப் பிறப்பு, அற்புதங்கள், காலியான கல்லறை எதுவும் அவர் நிருபங்களில் (கடிதங்களில்) கிடையாது. இதற்குமேல் என்ன வேண்டும்?

#3 பரங்கிமலையான்

தம்பி, கொஞ்சம் பொறுமை.

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்க மொழியில் மட்டும் 5000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. அந்தக் காலத்து வேறு எந்தக் கிரேக்க நூலுக்கும் இவ்வளவு படிகள் கிடையாது. மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் சுவிசேஷத்தின் பாப்பிரஸ் துண்டு ஒன்று இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எரப்போலி சபையின் பாப்பியாஸ், அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர், மாற்கு என்பவர் இயேசுவின் பிரதான சீடர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்றும், பேதுரு சொன்னதை நினைவிலிருந்து எழுதினார் என்றும் பதிவு செய்திருக்கிறார். லூக்கா தம் நூலின் முதல் வரியிலேயே, "ஆரம்பமுதல் கண்ணாரக் கண்டு" போதித்தவர்களிடமிருந்து விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். இதையெல்லாம் கட்டுக்கதை என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது.

நான் விசுவாசி, அதை மறைக்கவில்லை. செமினரியிலும் சில காலம் இருந்தவன். அங்கேயும் இதையெல்லாம் ஒளிக்காமல்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

#4 பழைய சுவடி

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கால வரிசை. இதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 வாக்கில். கைக்குக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவை பவுலின் நிருபங்கள், 50களில் எழுதியவை. அவர் பெயரில் 13 நிருபங்கள் இருந்தாலும், ரோமர், 1 கொரிந்தியர், 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய 7 மட்டுமே சச்சரவில்லாமல் அவருடையவை. அடுத்து மாற்கு, எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் இடித்த 70-ஐ ஒட்டி. மத்தேயு, லூக்கா இரண்டும் 80களில் அல்லது 90 வாக்கில். யோவான் நூற்றாண்டின் கடைசியில்.

ஆக முதல் சுவிசேஷத்துக்கே சம்பவத்திலிருந்து சுமார் 40 வருடம். இயேசு பேசியது அரமேயம், நூல்கள் எழுதப்பட்டது கிரேக்கம். நடுவில் வாய்மொழிதான்.

பரங்கிமலையான் ஐயா, படிகளின் எண்ணிக்கை ஒரு விஷயத்தை மட்டும்தான் காட்டும்: மூல நூலில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்க நமக்கு வசதி இருக்கிறது. எழுதியது நடந்ததா என்பது வேறு கேள்வி. அந்த 5000-இல் பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. ரைலண்ட்ஸ் துண்டு உள்ளங்கை அகலம்தான், பிலாத்து விசாரணையின் சில வரிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதன் காலத்தைக் கையெழுத்து நடையை வைத்தே கணித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் எந்தப் பகுதியிலும் இருக்கலாம், இன்னும் பிந்தியும் இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள்.

அடுத்து, கண்ணால் கண்டவர்கள் எழுதினார்களா? நான்கு நூல்களிலும் உள்ளே எழுதியவர் பெயர் இல்லை. தலைப்புகள் பின்னால் வந்தவை. நான்கு பெயரையும் ஒன்றாகச் சொல்லும் முதல் ஆள் லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ், 180 வாக்கில்.

ஒரே ஒரு இடத்தை எடுத்துக் காட்டுகிறேன். மாற்கு 2:14-ஐத் திறந்து வையுங்கள். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியைப் பார்த்து இயேசு "எனக்குப் பின்சென்று வா" என்கிறார், அவன் எழுந்து போகிறான். இப்போது மத்தேயு 9:9. அதே ஆயத்துறை, அதே அழைப்பு, கிட்டத்தட்ட அதே சொற்கள். ஆள் பெயர் மட்டும் லேவி போய் மத்தேயு வந்திருக்கிறது. இந்த நூலை எழுதியவர் சீடரான மத்தேயுவே என்றால், தம் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட அந்த நாளை, அந்த இடத்தில் இல்லாத மாற்குவைப் பார்த்தா எழுதுவார்? மாற்குவின் விஷயங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் மத்தேயுவில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. லூக்காவிலும் பாதிக்கு மேல் இருக்கிறது. எனவே "மூன்று சுவிசேஷங்களும் ஒரே மாதிரி சொல்கின்றன" என்றால் மூன்று சாட்சி என்று எண்ணக்கூடாது. பல இடங்களில் அது ஒரே சாட்சியும் இரண்டு நகலும்.

மாற்குவில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக இருக்கும் போதனைகள் இன்னொரு பழைய தொகுப்பிலிருந்து வந்தவை என்பது பெரும்பான்மைக் கருத்து. அந்தத் தொகுப்பு கிடைக்கவில்லை. லூக்காவே மத்தேயுவைப் பார்த்து எழுதினார் என்று சொல்கிறவர்களும் உண்டு.

#5 கறுப்புச்சட்டை76

ஆக என் பக்கம்தான் நீங்களும். கண்ணால் கண்டவன் எவனும் எழுதவில்லை, 40 வருடம் வாய்க்கு வாய் வந்த கதை. அப்படியென்றால் ஆள் இருந்தார் என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம்?

#6 பழைய சுவடி

தோழர், உங்கள் பக்கம் இல்லை.

கலாத்தியர் முதல் அதிகாரத்தைப் படியுங்கள். பவுல் தம் ஊழியத்துக்கு எருசலேம்காரர்களின் அனுமதி தேவையில்லை என்று சாதிக்கிற இடம் அது. கோபமாக எழுதுகிறார். அந்தக் கோபத்தில், மூன்று வருடம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவிடம் 15 நாள் தங்கியதாகவும், வேறு அப்போஸ்தலரைப் பார்க்கவில்லை, கர்த்தருடைய சகோதரனான யாக்கோபை மட்டும் பார்த்ததாகவும் சொல்கிறார். கையோடு, "நான் எழுதுவது பொய்யல்ல" என்று தேவனைச் சாட்சிக்கு அழைக்கிறார். அவருக்கு இந்த விவரம் லாபமே இல்லை. எருசலேம் தலைவர்களோடு தமக்குத் தொடர்பு குறைவு என்று காட்டத்தான் முயல்கிறார், ஆனாலும் போனதை மறைக்க முடியவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அந்தியோகியாவில் பேதுருவோடு முகத்துக்கு முகம் சண்டை போட்டதும் வருகிறது. தம்பியை நேரில் பார்த்து, பிரதான சீடரோடு சண்டையும் போட்ட ஒருவர் 50களில் எழுதியிருக்கிறார். பழங்கால வரலாற்றில் இவ்வளவு நெருக்கமான சான்று அரிது.

"சகோதரன்" என்பது சபையார் எல்லோருக்கும் பொதுவான பட்டம் என்று சிலர் வாதிடுகிறார்கள். 1 கொரிந்தியர் 9:5-இல் பவுல் "மற்ற அப்போஸ்தலர், கர்த்தருடைய சகோதரர், கேபா" என்று தனித்தனியாகப் பிரிக்கிறார் (கேபா என்பது பேதுருவேதான்). எல்லோருக்கும் பொதுப் பட்டமென்றால் இந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை.

இதே யாக்கோபு யோசேப்பஸிலும் வருகிறார். 62-இல் ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்த ஆளுநர் வந்து சேராத இடைவெளியில், பிரதான ஆசாரியன் அனனுஸ் சிலரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தான். அவர்களில் ஒருவன் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" யாக்கோபு. யோசேப்பஸுக்கு இதில் இயேசு முக்கியமே இல்லை, அனனுஸ் பதவி இழந்த கதையைச் சொல்கிறார். எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 25 இருக்கும். கேள்விப்பட்ட கட்டுக்கதை இல்லை, அவர் ஊர் விவகாரம்.

நீங்கள் சொன்ன "கை வைத்த" பகுதி அதே நூலின் 18-ஆம் புத்தகத்தில் இருப்பது. அங்கே "அவரே கிறிஸ்து", அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியா, என்று வருகிறது, ஒரு யூதர் அப்படி எழுதியிருக்க வாய்ப்பில்லை. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், யோசேப்பஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று குறிப்பிடுகிறார். அந்தப் பத்தியை முதலில் மேற்கோள் காட்டுவது நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ்தான். யோசேப்பஸ் ஏதோ எழுதியிருந்தார், பின்னால் மெருகு ஏற்றிவிட்டார்கள் என்பது பெரும்பாலானவர்கள் முடிவு. முழுக்க இடைச்செருகல் என்போரும் உண்டு. அந்தப் பத்தி இல்லாவிட்டாலும் யாக்கோபு வரி நிற்கிறது.

பிலோவின் மௌனம் பற்றி: கலிலேயாவில் ஓரிரு வருடம் பேசித் திரிந்து சிலுவையேறிய ஒரு கிராமத்து ஆளை அலெக்சாந்திரியாவின் பணக்காரத் தத்துவ அறிஞர் ஏன் எழுத வேண்டும்? பிலாத்து பத்து வருடம் யூதேயாவை ஆண்டவன். அவன் அலுவலகக் காகிதம் ஒன்றுகூட இன்று இல்லை. அவன் பெயர் பொறித்த கல்லே 1961-இல்தான் செசரியாவில் கிடைத்தது, அதுவும் நாடக அரங்கின் படிக்கல்லாக.

#7 மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா என்று கேட்டு வந்த இரண்டு மறுமொழிகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மதமாற்றம் பற்றிய பதிவுகள் நீக்கப்படும்.

#8 மீனா_கோவை

சார், ஒரு சந்தேகம். நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பரில் நாடகம் போட்டால் ஒரே தொழுவத்தில் மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) வருவார்கள். இந்த வருடம் ஒரு பெண், ஏழாம் வகுப்புதான், "டீச்சர், மத்தேயுவுல தொழுவமே இல்லையே, வீடுன்னுதானே இருக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தால் ஆமாம், வீடுதான்! லூக்காவில் சாஸ்திரிகள் இல்லை, மத்தேயுவில் மேய்ப்பர்கள் இல்லை. எப்படி விளக்குவது?

#9 பழைய சுவடி

சகோதரி, அந்தப் பெண்ணை ஊக்கப்படுத்துங்கள். பெரிய அறிஞர்கள் இருநூறு வருடமாகச் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

பிறப்புக் கதைகள்தான் வரலாற்று ரீதியாக மிகவும் பலவீனமான பகுதி. மாற்குவிலும் பவுலிலும் அவை இல்லவே இல்லை. இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மத்தேயுவில் யோசேப்பின் குடும்பம் பெத்லகேமிலேயே வீட்டில் இருக்கிறது. ஏரோது ராஜாவுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடி, திரும்பும்போது அவன் மகன் அர்கெலாயுவுக்குப் பயந்து நாசரேத்துக்குப் போய்க் குடியேறுகிறது. லூக்காவில் அவர்கள் முதலிலிருந்தே நாசரேத்துக்காரர்கள்; குடிமதிப்புக்காகப் பெத்லகேம் வருகிறார்கள், சடங்குகள் முடிந்ததும் நிதானமாக ஊர் திரும்புகிறார்கள். எகிப்தும் இல்லை, ஓட்டமும் இல்லை.

அந்தக் குடிமதிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சிரேனியு சீரியாவின் ஆளுநராக இருந்தபோது நடந்தது என்கிறார் லூக்கா. அது உண்மையாகவே நடந்த கணக்கெடுப்பு, கி.பி. 6-இல். அர்கெலாயுவைப் பதவியிலிருந்து இறக்கி யூதேயாவை ரோமர்கள் நேரடியாக எடுத்துக்கொண்டபோது, வரிக்காக எடுத்தார்கள். கலிலேயனாகிய யூதாஸ் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தான். ஆனால் பெரிய ஏரோது இறந்தது கி.மு. 4-இல். இயேசு ஏரோதின் காலத்தில் பிறந்தார் என்று மத்தேயு சொல்கிறார், லூக்காவும் ஏரோதின் நாட்களில் இருந்துதான் கதையைத் தொடங்குகிறார். நடுவில் பத்து வருடம் உதைக்கிறது. ஏரோதின் கடைசிக் காலத்தில் சீரியாவில் யார் ஆளுநர் என்பதும் தெரியும்: சாத்துர்னினுஸ், பிறகு வாருஸ். சிரேனியு இல்லை.

அதோடு கி.பி. 6-இலும் நாசரேத்து இருந்த கலிலேயா ஏரோதின் இன்னொரு மகன் ஏரோது அந்திப்பாவின் கையில் இருந்தது, அந்தக் கணக்கெடுப்பு அங்கே செல்லாது. ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த மூதாதை தாவீது ராஜாவின் ஊருக்குப் போய்ப் பதிந்துகொள் என்று வரி அதிகாரி சொல்வதிலும் அர்த்தம் இல்லை. எகிப்தில் 104-ஆம் வருடத்து உத்தரவு ஒன்று கிடைத்திருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் அவரவர் சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பதிய வேண்டும் என்கிறது. அதை லூக்காவுக்கு ஆதரவாகக் காட்டுவார்கள். வீடு இருக்கிற ஊருக்குப் போவது வேறு, பாட்டனுக்குப் பாட்டன் ஊருக்குப் போவது வேறு.

என் கணிப்பு இது: அவர் நாசரேத்துக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மாற்ற முடியவில்லை. மேசியா தாவீதின் ஊரில் பிறக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. இரண்டையும் இணைக்க மத்தேயு ஒரு வழி கண்டார், லூக்கா இன்னொரு வழி கண்டார். நாசரேத்து உறுதி. பெத்லகேம் சந்தேகம்.

#10 பரங்கிமலையான்

பிறப்புக் கதையை வைத்து முழு நூலையும் எடைபோடக்கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள். லூக்கா அந்த ஒரு இடத்தில் தடுமாறலாம். அதே லூக்கா தம் இன்னொரு நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் எந்த ஊரில் எந்தப் பதவிக்கு என்ன பெயர் என்று சரியாகச் சொல்கிறார். தெசலோனிக்கேயாவின் அதிகாரிகளுக்கு அவர் தரும் பட்டத்தைக் கல்வெட்டுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இன்னொன்று. நம் சபைகளில் பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். அந்த ஏழும் ஒரே சுவிசேஷத்தில் இல்லை. மாற்குவிலும் மத்தேயுவிலும் இருப்பது ஒன்றே ஒன்று: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. நான் செமினரியில் முதல்முறையாக மாற்குவை மட்டும் தனியாக, ஒரே மூச்சில் படித்தபோது அந்தக் கதறல் வேறு மாதிரி கேட்டது. ஏழையும் சேர்த்துக் கேட்டே பழகிய காதுக்கு, மாற்குவின் இயேசு எவ்வளவு தனியாகச் செத்தார் என்பது தெரிவதில்லை. அப்போதுதான் ஒவ்வொரு சுவிசேஷத்தையும் அதனதன் குரலில் விடவேண்டும் என்று பட்டது. விசுவாசம் குறையவில்லை.

#11 வைகைக்கரை

ஐயா சொன்னது மனதில் நிற்கிறது. சுவடி, என் கேள்விக்கு வாருங்கள். சலிப்பது எப்படி? இது நடந்தது, இது சேர்த்தது என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

#12 பழைய சுவடி

எல்லாவற்றுக்கும் ஒரே சல்லடை கிடையாது. எனக்குப் பிடித்த உதாரணம் யோவான்ஸ்நானன் (சுவிசேஷ யோவான் வேறு, இவர் வேறு) கையால் இயேசு ஞானஸ்நானம் பெற்றது. நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

மாற்கு: யோவான் பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் கொடுக்கிறான். இயேசு வருகிறார், பெறுகிறார். அவ்வளவுதான், எந்தச் சங்கடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

மத்தேயு: அதே காட்சி, ஆனால் யோவான் தடுக்கிறான். "நான் உம்மாலே ஞானஸ்நானம் பெறவேண்டியதாயிருக்க, நீர் என்னிடத்தில் வரலாமா?" இயேசு சமாதானம் சொன்ன பிறகே நடக்கிறது.

லூக்கா: யோவானை ஏரோது அந்திப்பா சிறையில் அடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறார். அடுத்த வசனத்தில் இயேசுவும் ஞானஸ்நானம் பெற்றார் என்கிறார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

நான்காம் சுவிசேஷம்: யோவான் இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்கிறான், ஆவி இறங்கியதைக் கண்டேன் என்கிறான். ஞானஸ்நானம் நடந்ததாக ஒரு வார்த்தை இல்லை.

குரு சீடனுக்குக் கொடுப்பது ஞானஸ்நானம். பாவமில்லாதவர் ஏன் பாவமன்னிப்பு ஸ்நானம் எடுத்தார் என்று கேட்பார்களே என்ற உறுத்தல் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவது கண்ணெதிரே தெரிகிறது. இப்படி உறுத்துகிற ஒன்றை எந்தச் சபையும் தானாகக் கற்பனை செய்திருக்காது. எனவே நடந்தது என்கிறோம். சிலுவையும் அப்படியே. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கிற சாவை மேசியாவுக்கு எவன் கற்பனை செய்வான்? பவுலே அது யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று எழுதுகிறார். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், 116 வாக்கில், கிறிஸ்தவர்களை அடியோடு வெறுத்துக்கொண்டே, அவர்கள் தலைவனைப் பேரரசர் திபேரியு காலத்தில் பிலாத்து கொன்றான் என்று எழுதுகிறார்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. நமக்குச் சங்கடமாகத் தெரிவது அவர்களுக்குச் சங்கடமாக இருந்ததா என்று எப்போதும் சொல்ல முடியாது. அண்மைக் காலத்தில் இந்த அளவுகோல்களையே கடுமையாக விமர்சிக்கிறார்கள்.

இன்னொரு சின்ன இடம், பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவது. மாற்கு 15:21. சிலுவையைச் சுமக்கப் பிடித்த ஆள் "சிரேனே ஊரானும், அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பனுமாகிய சீமோன்." யார் இந்த அலெக்சந்தர், யார் ரூப்பு? கதையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "நம்ம மளிகைக்கடை செல்வத்தோட அப்பா" என்று ஊரில் அடையாளம் சொல்வதைப் போல, மாற்குவின் வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும் என்றால்தான் இந்த வரிக்கு அர்த்தம். மத்தேயுவும் லூக்காவும் சீமோனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெயரை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வாசகர்களுக்கு அந்தப் பெயர்களில் அர்த்தம் இருந்திருக்காது. யோவானில் சீமோனே இல்லை, இயேசுவே சுமக்கிறார். எனக்கு மாற்குவின் சிலுவைக் கதைக்குக் கீழே உண்மையான நினைவு இருக்கிறது என்று நம்பிக்கை தருவது பெரிய வசனங்கள் இல்லை, இந்த அரை வரிதான்.

#13 கறுப்புச்சட்டை76

சிலுவையை விடுங்கள், அதற்கு முந்தைய விசாரணைக் காட்சி? கைதாகும் முன் கெத்செமனேயில் இயேசு ஜெபித்தபோது சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு அந்த ஜெபத்தைக் கேட்டு எழுதியது யார்?

பிலாத்துவைப் பாருங்கள். பிலோவும் யோசேப்பஸும் காட்டுகிற பிலாத்து இரக்கமில்லாதவன். 36-இல் கெரிசீம் மலையடியில் சமாரியரை வெட்டிக் கொன்றதால் பதவியே போனது. சுவிசேஷப் பிலாத்துவோ தயங்குகிறான், மத்தேயுவில் கை கழுவுகிறான், லூக்காவில் மூன்று முறை குற்றமில்லை என்கிறான். பண்டிகைக்கு ஒரு கைதியை விடுவிக்கிற வழக்கம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள், சுவிசேஷங்களுக்கு வெளியே அதற்குச் சான்று கிடையாது. ரோமாபுரியோடு பிழைக்க வேண்டிய சபை, பழியை ரோமனிடமிருந்து யூதர் தலைக்கு மாற்றிவிட்டது. அதன் விலையை யூதர்கள் பல நூற்றாண்டு கொடுத்தார்கள்.

#14 பழைய சுவடி

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன் தோழர். அந்த உரையாடல்கள் பதிவுகள் அல்ல. பழங்கால எழுத்தாளர்கள் எல்லோரும் இப்படித்தான். இந்த இடத்தில் இவர் என்ன பேசியிருப்பார் என்று தாங்களே எழுதுவார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடீஸே அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் தன் நூலைத் தொடங்கினார். பிலாத்து தண்டித்தான் என்பது வரலாறு. பிலாத்துவின் மனப் போராட்டம் சபையின் எழுத்து.

#15 பரங்கிமலையான்

1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில், யெகோகனான் என்பவனின் குதிகால் எலும்பு ஆணி பாய்ந்தபடியே கிடைத்தது. சிலுவையில் அறைந்தவர்களை அடக்கம் செய்ய விடவே மாட்டார்கள், எனவே இயேசுவின் அடக்கம் கட்டுக்கதை என்று சொல்லி வந்தவர்களுக்கு அது நல்ல பதில். குருடன் கழுவிப் பார்வை பெற்றதாக யோவான் சொல்லும் சீலோவாம் குளமும் 2004-இல் அகழ்ந்தபோது வெளிப்பட்டது. கடைசியில் எழுதிய யோவான்கூட 70-க்கு முந்திய எருசலேமை அறிந்திருக்கிறார்.

#16 பழைய சுவடி

குதிகால் எலும்பு முக்கியமானதுதான், அடக்கம் சாத்தியம் என்று காட்டுகிறது. குளம் இருந்தது என்பதால் குளத்தில் நடந்ததாகச் சொல்வதும் உண்மையாகிவிடாது, அவ்வளவுதான்.

உயிர்த்தெழுதலை யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 1 கொரிந்தியர் 15-இல் பவுல் ஒரு பட்டியல் தருகிறார்: கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியில் தாம். தமக்குச் சொல்லப்பட்டதையே ஒப்புவிப்பதாக அவர் எழுதுவதால், பட்டியலின் முதல் பகுதியாவது சம்பவத்துக்குச் சில வருடங்களுக்குள் உருவானது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அவரைக் கண்டோம் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள், அது வரலாறு. எதைக் கண்டார்கள் என்று சொல்ல வரலாற்றுக்காரனிடம் கருவி கிடையாது. மாற்குவின் மிகப் பழைய படிகள் பெண்கள் பயந்து ஓடி, யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றன. 16:9 முதல் 20 வரை பிறகு சேர்த்தது. அந்தப் பழைய படிகளான சினாய், வத்திக்கான் படிகளில் அது இல்லை.

#17 வைகைக்கரை

கடைசியாக ஒன்று. முதலில் "30 வாக்கில்" என்றீர்கள். சரியாக எந்த வருடம், எந்த நாள்?

#18 பழைய சுவடி

வெள்ளிக்கிழமை என்பதில் நால்வரும் ஒத்துப்போகிறார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகையில்தான் இடிக்கிறது. மாற்குவில் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து, மறுநாள் சிலுவை. யோவானில் பஸ்கா இன்னும் வரவில்லை. குற்றம் சாட்டுகிறவர்கள் பஸ்கா சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தீட்டுப்படாமல் அரண்மனைக்கு வெளியே நிற்கிறார்கள். ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகளை வெட்டுகிற நாளில் இயேசு சாகிறார். முதல் அதிகாரத்தில் "தேவ ஆட்டுக்குட்டி" என்று அறிமுகப்படுத்திய ஆசிரியருக்கு அந்த நாள் ரொம்பவே வசதி. அதனால் யோவான் நகர்த்தினார் என்று ஒரு கட்சி. பண்டிகை நாளில் விசாரணையும் தண்டனையும் நடந்திருக்காது, யோவான் சொல்வதே சரி என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

பிலாத்து 26 முதல் 36 வரை இருந்தான். அதற்குள் யோவான் கணக்குப்படி வெள்ளிக்கிழமை பொருந்துகிற வருடங்கள் வானியல் கணக்கில் இரண்டு: 30 ஏப்ரல் 7, அல்லது 33 ஏப்ரல் 3. பவுலின் மனமாற்றத்துக்கும் பயணங்களுக்கும் இடம் விட்டுப் பார்த்தால் 30 வசதியாக உட்காருகிறது. 33 என்பவர்களும் நல்ல ஆட்கள்தான்.

#19 மீனா_கோவை

சார், இந்த இழையை அச்செடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா? பாதிரியார் திட்டாமல் இருக்க வேண்டும் 😄

#20 பரங்கிமலையான்

கொடுங்கள் மேடம். கூடவே மாற்குவையும் கொடுத்து, ஒரே உட்காரலில் படிக்கச் சொல்லுங்கள், ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அது முடிந்ததும் கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரம். பாதிரியார் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.